அடுத்த மாடல் வரட்டும் என்று…

கடிகாரக் கடையின் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. விலைச் சீட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு யாருடைய ஆலோசனையும் தேவைப்படுவதில்லை. கையில் பணம் இருந்தும், ஆசை இருந்தும், ‘கொஞ்சம் பொறுத்தால் புது மாடல் வருகிறதாமே’ என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

டெல்லியிலோ புனேயிலோ பெங்களூரிலோ ஒரு நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருக்கும் தமிழர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். வயது ஐம்பதை நெருங்குகிறது. வீட்டுக் கடன் முடியும் தறுவாயில் இருக்கிறது. மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து 25 ஆண்டுகள் நிறையப்போகும் நாளை முன்னிட்டு, இத்தனை காலம் தனக்கென்று பெரிதாக எதுவும் வாங்கிக்கொள்ளாத மனிதர், ஒரே ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறார். அதற்காக ஐந்தாறு வருடமாகத் தனியாகப் பணம் சேர்த்தும் வைத்திருக்கிறார். மனதில் இருப்பது ‘டைவ் வாட்ச்’. கடலில் முக்குளிப்பவர்களுக்காக உருவாகி, இன்று பெரும்பாலும் அலுவலகக் குளிர்சாதன அறைகளில் வாழ்க்கை நடத்தும் ஸ்விஸ் கடிகாரம்.

இந்த நேரம் பார்த்துத்தான் சக ஊழியர் ஒருவர் காதில் போடுகிறார்: ‘இப்ப வாங்காதீங்க சார். ஏப்ரல்ல புதுசு விடப்போறானாம்.’

கேட்டவருக்கு அன்று இரவு தூக்கம் வருவதில்லை. வாங்கிய ஆறாவது மாதமே புது மாடல் வந்துவிட்டால் ஏமாளி என்று பெயர் எடுக்க வேண்டும். காத்திருந்து, எதுவும் வராமல் விலை மட்டும் ஏறிவிட்டால் அதைவிடப் பெரிய ஏமாளி. கைபேசி வாங்குவதிலும் இதே கவலை உண்டுதான். ஆனால் கைபேசிக்குப் போகும் பணம் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். நாலு வருடத்தில் அதன் ஆயுளும் முடிந்துவிடும். ரோலக்ஸ் நிறுவனத்தின் ஸ்டீல் ‘சப்மரீனர்’ ஒன்றின் விலைக்கோ ஒரு சிறிய கார் வாங்கலாம். ஒமேகா, ட்யூடர் போன்றவற்றின் விலை அதைவிடக் குறைவு என்றாலும் அவையும் லட்சங்களில்தான். அதோடு, வாங்கியவருக்குப் பிறகும் ஓடக்கூடிய பொருள் இது. அதனால் காத்திருப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குக் கடந்த காலம் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கடலில் பிறந்த கடிகாரம்

1943-ல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோவும் எமீல் கன்யானும் முதுகில் சுமக்கும் காற்று உருளையிலிருந்து நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியை உருவாக்கினார்கள். மனிதன் கயிறும் குழாயும் இல்லாமல் கடலுக்குள் இறங்க முடிந்தது. கூடவே ஒரு புதிய ஆபத்தும் வந்தது. உருளையில் இருக்கும் காற்று எவ்வளவு நேரத்துக்கு வரும், இறங்கி எத்தனை நிமிடமாயிற்று என்பது தெரியாவிட்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

அதற்கு விடையாக 1953-ல் பிளாங்பேன் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. கடலாழத்தை இன்றும் ‘பாகம்’ என்று சொல்லும் தமிழ் மீனவர்களுக்கு இந்தப் பெயர் உடனே புரியும்: ஐம்பது பாகம், சுமார் 91 மீட்டர். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். அதே 1953-ல்தான் ரோலக்ஸின் சப்மரீனரும் உருவாயிற்று. ஆரம்பத்தில் 100 மீட்டர் ஆழம் தாங்கியது.

இரண்டிலும் டயலைச் சுற்றி ஒரு சுழலும் வளையம் இருந்தது. நீரில் இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், கழிந்த நிமிடங்களை ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம். இன்றைய வளையங்கள் ஒரு பக்கம் மட்டுமே சுழலும். தவறிப்போய்க் கை பட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரம் அதிகமாகத்தான் தெரியும், குறைவாகத் தெரியாது. காற்று மிச்சமிருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கையை அது ஒருபோதும் தராது. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தர நிர்ணயம் இந்தக் கடிகாரங்களுக்கென்றே இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும், குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும், இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில.

இவ்வளவு விவரமும் எதற்கென்றால், ‘புது மாடல்’ என்றதும் பலர் முதலில் நினைப்பது இன்னும் அதிக ஆழத்தைத்தான். உண்மையில் தேதி காட்டும் சப்மரீனர் 300 மீட்டர் என்ற அளவுக்கு 1970-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. 2020-ல் வந்த மாடலும் அதே 300 மீட்டர்தான். அதற்கு மேல் தேவையும் இல்லை. முக்குளிப்பில் முதல் நிலைப் பயிற்சி பெற்றவருக்கு அனுமதிக்கப்படும் ஆழம் 18 மீட்டர். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு உச்சவரம்பு 40 மீட்டர். எகிப்தின் அகமது கப்ர் 2014-ல் செங்கடலில் சாதனைக்காக இறங்கிய ஆழமே 332 மீட்டர்தான். அந்தமானின் ஸ்வராஜ் தீவிலோ (2018 வரை ஹேவ்லாக்), கர்நாடகக் கரைக்கு அப்பால் உள்ள நேத்ராணியிலோ இறங்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டுவது மின்னணு டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம், எந்த வேகத்தில் மேலே வர வேண்டும் என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடுகிறது. ஸ்விஸ் கடிகாரம் இருந்தால் அது கூடுதல் துணை, அவ்வளவுதான். எனவே ஆழத்துக்காக அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

மூன்று கதைகள்

காத்திருந்தவர்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது? அண்மைக் காலத்தில் மூன்று பெயர் பெற்ற டைவ் வாட்சுகள் புதுப்பிக்கப்பட்டன. மூன்றும் மூன்று விதமான பாடம்.

முதலாவது சப்மரீனர். அதன் உள்ளே ஓடும் மிஷினான ‘3135’ அறிமுகமானது 1988-ல். அதற்குப் பதில் ‘3235’ என்ற புதிய மிஷின் சப்மரீனருக்கு வந்தது 2020 செப்டம்பர் 1 அன்று. நடுவில் 32 வருடம்! 1988-ல் ‘அடுத்த மிஷின் வரட்டும்’ என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு இடையில் பேரன் பிறந்திருப்பான். வந்த மாற்றம்தான் என்ன? விட்டம் 40 மி.மீ.யிலிருந்து 41 ஆயிற்று. செயின் ஒரு மி.மீ. அகலமாயிற்று. கையிலிருந்து கழற்றிவைத்தால் 48 மணி நேரம் ஓடிய கடிகாரம் 70 மணி நேரம் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய, எது பழசு எது புதுசு என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய மாற்றம் 2010-ல் ஸ்டீல் மாடலுக்கு வந்ததுதான். வெயிலில் வெளுக்கும், எளிதில் கீறல் விழும் அலுமினிய வளையம் போய் செராமிக் வளையம் வந்தது. மெல்லிய தகட்டுக் கொக்கி போய், எந்தக் கருவியும் இல்லாமல் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கனமான கொக்கி வந்தது. இன்று பழைய சந்தையில் தேடுகிறவர்களுக்கு 2010 என்ற கோடு 2020-ஐவிட முக்கியமானது.

இரண்டாவது, ஒமேகாவின் ‘சீமாஸ்டர் டைவர் 300 எம்’. 1993-ல் வந்த இந்தக் கடிகாரம், 1995-ல் வெளியான ‘கோல்டன் ஐ’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் கையில் ஏறியதிலிருந்து உலகப் பிரசித்தம். 25 ஆண்டுகள் நிறைந்த 2018-ல் இதை ஒமேகா அடியோடு மாற்றியது. விட்டம் 41-லிருந்து 42 மி.மீ. டயல் செராமிக், நடுவில் காணாமல் போயிருந்த அலைக் கோலம் திரும்பி வந்தது. தேதிக் கட்டம் 3-லிருந்து 6-க்கு இடம் மாறியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 15,000 காஸ் காந்தப் புலத்தைத் தாங்கும் புதிய மிஷின். இங்கே காத்திருந்தவருக்கு நிஜமாகவே பலன் இருந்தது. காந்தம் சாதாரண விஷயமில்லை. கைபேசி, ஒலிபெருக்கி, டேப்லட்டின் மூடி, மடிக்கணினி எனக் கடிகாரத்தைக் கழற்றிவைக்கும் மேஜை முழுவதும் இன்று காந்தம்தான். மணிக்கட்டில் சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முந்தி ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் இதிலும் பயப்பட ஒன்றுமில்லை. பழைய மாடலில் காந்தம் ஏறினாலும், பழுதுபார்ப்பவரிடம் இருக்கும் காந்த நீக்கக் கருவி ஒரு நிமிடத்துக்குள் சரிசெய்துவிடும்.

மூன்றாவது, ரோலக்ஸின் சகோதர நிறுவனமான ட்யூடரின் ‘பிளாக் பே’. 2012-ல் வந்தபோது அதில் இருந்தது ஈ.டி.ஏ. நிறுவனத்தின் 2824 மிஷின். உலகத்தில் பல நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களில் பயன்படுத்தும் பொதுவான மிஷின் அது. 2016-ல் ட்யூடர் அதை எடுத்துவிட்டு, 70 மணி நேரம் ஓடும் தன் சொந்த மிஷினை வைத்தது. காகிதத்தில் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் 2012 முதல் 2016 வரை வந்த பழைய பிளாக் பேயைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுசு பழசைவிடச் சற்றுத் தடிமன் என்பது அவர்கள் சொல்லும் ஒரு காரணம். 2824-ஐ அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார் என்பது இன்னொரு காரணம்.

ஒன்றில் மாற்றம் சிறிது, ஒன்றில் பெரிது, ஒன்றில் ஆளைப் பொறுத்தது. மூன்றிலும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. புது மாடல் வந்த அன்று பழைய மாடல் எதையும் இழந்துவிடவில்லை. முந்தின நாள் எவ்வளவு சரியாக மணி காட்டியதோ அதே அளவுக்கு மறுநாளும் காட்டியது.

எப்போது காத்திருக்கலாம்?

காத்திருப்பது எப்போதுமே அசட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த மாடலில் என்னென்ன இருக்கும் என்று ஊகிப்பதைவிட, இப்போதைய மாடலில் தனக்கு எது குறை என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உதாரணமாக, வேலை நாட்களில் மட்டும் கடிகாரம் கட்டுகிறவர். வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குக் கழற்றி வைக்கிறார். 48 மணி நேரம் ஓடும் மிஷின் ஞாயிறு மாலை 7 மணி வாக்கில் நின்றுவிடும். திங்கள் காலை அவசரத்தில் சாவி கொடுத்து, மணியும் தேதியும் திருத்த வேண்டும். 70 மணி நேரம் ஓடும் மிஷின் என்றால் திங்கள் மாலை 5 மணி வரை தாங்கும். இவருக்கு அந்த 22 மணி நேரம் வாரா வாரம் கிடைக்கும் சௌகரியம். தினமும் கட்டுகிறவருக்கோ அது வெறும் எண்.

மணிக்கட்டின் அளவும் அப்படித்தான். ஒல்லியான கைக்காரர் 41 மி.மீ. கடிகாரத்தைக் கட்டிப் பார்த்து, தட்டு போல இருக்கிறதே என்று நினைத்தால், இன்னும் பெரிதாகக்கூடிய அடுத்த மாடலுக்கு அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? சிறிய அளவை விரும்புகிறவர்களுக்கு 2018-ல் ட்யூடர் 39 மி.மீ. விட்டத்தில் ‘பிளாக் பே 58’-ஐக் கொண்டுவந்தது. எத்தனை படம் பார்த்தாலும், கடையில் போய் பத்து நிமிடம் கையில் கட்டிப் பார்ப்பதற்கு ஈடாகாது.

காத்திருப்பதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு: எதற்காகக் காத்திருக்கிறோமோ அது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். கார் நிறுவனங்கள் முன்கூட்டியே படம் காட்டும், முன்பதிவும் தொடங்கும். ரோலக்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் நாள் வரை வாய் திறப்பதில்லை. வசந்த காலத்தில் ஜெனீவாவில் நடக்கும் கண்காட்சிக்கு முன்பு ஒவ்வொரு ஆண்டும் வதந்திகள் பறக்கும். சில பலிக்கும், பல பலிக்காது. 2020-ல் பாஸல் நகரக் கண்காட்சியில் புது சப்மரீனர் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது? கொரோனாவால் கண்காட்சியே நடக்கவில்லை. அறிவிப்பு செப்டம்பரில்தான் வந்தது. வந்த பிறகும் பலரால் உடனே வாங்க முடியவில்லை. கடைகளில் காத்திருப்போர் பட்டியல்தான் நீண்டது. கேள்விப்பட்ட செய்தியை நம்பிக் காத்திருப்பவருக்கு முடிவுத் தேதி கிடையாது. ஏப்ரலில் வராவிட்டால் அடுத்த ஏப்ரல். அதிலும் வராவிட்டால்?

பணக் கணக்கு

‘பொறுத்திருந்தால் விலை குறையுமே’ என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்விட்ஸர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகள் அடங்கிய எஃப்டா அமைப்போடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்விஸ் கடிகாரங்களுக்கான சுங்க வரியை ஏழு ஆண்டுகளில் படிப்படியாக நீக்குவது அதன் அம்சங்களில் ஒன்று. 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்ட வரி இது. ஆக, சராசரியாக ஆண்டுக்கு மூன்று சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வரி குறையும். அதுவும் கடை விலையில் அல்ல, இறக்குமதி மதிப்பில்.

தராசின் இன்னொரு தட்டில் ஸ்விஸ் ஃப்ராங்க் உட்கார்ந்திருக்கிறது. 2015-ல் ஒரு ஃப்ராங்குக்குச் சுமார் 66 ரூபாய் கொடுத்தால் போதும். 2025 முடியும்போது அது 110 ரூபாயைத் தாண்டிவிட்டது. நிறுவனங்களோ அனேகமாக ஒவ்வொரு ஆண்டும் விலையைச் சற்று உயர்த்துகின்றன. புது மாடல் பழைய மாடலைவிட மலிவாக வருவது அபூர்வம். வரிச் சலுகை ஒரு கையால் கொடுப்பதை நாணய மாற்று மறு கையால் வாங்கிக்கொள்ளக்கூடும். வரி குறையட்டும் என்று ஏழு வருடம் காத்திருப்பவர் ரூபாயின் மேல் பந்தயம் கட்டுகிறார் என்று அர்த்தம்.

வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கினால் மலிவு என்று நினைப்பவர்களும் உண்டு. வரி இல்லாமல் கொண்டுவர அனுமதிக்கப்படும் தொகையை இத்தகைய கடிகாரம் எளிதில் தாண்டிவிடும். விமான நிலையத்தில் சொல்லி வரி கட்டினால், லாபம் பெரும்பாலும் கரைந்துபோகும். சொல்லாமல் கையில் கட்டிக்கொண்டு வந்து அகப்பட்டால், பறிமுதலும் அபராதமும்தான். 25 ஆண்டு உழைப்பின் அடையாளமாக வாங்கும் பொருளுக்கு அந்தத் தலைக்குனிவு தேவையா?

உண்மையான பேரம் வேறு இடத்தில் இருக்கிறது. புது மாடல் வந்துவிட்டது; கடையில் பழைய மாடல் இரண்டு மூன்று மிஞ்சியிருக்கிறது என்றால் கூச்சப்படாமல் தள்ளுபடி கேட்கலாம். ரோலக்ஸில் இதற்கு வாய்ப்பு இல்லை. மற்ற பல நிறுவனங்களின் கடிகாரங்களில் இருக்கிறது. பெட்டி பிரிக்காத பழைய மாடல், முழு உத்தரவாதத்தோடு, குறைந்த விலையில் கிடைப்பதைவிட நல்ல வியாபாரம் அதிகம் இல்லை. வாங்கும்போது உத்தரவாத அட்டையில் தேதி போட்டுத் தருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரோலக்ஸ், ஒமேகா, ட்யூடர் மூன்றுமே இப்போது 5 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன.

பழைய மாடல் வாங்கினால் பிறகு விற்கும்போது விலை போகாதே என்ற கவலைக்கும் 2020 ஒரு பதில் வைத்திருக்கிறது. பச்சை டயலும் பச்சை வளையமும் கொண்டதால் ‘ஹல்க்’ என்று செல்லப் பெயர் பெற்ற சப்மரீனரை ரோலக்ஸ் அந்த ஆண்டு நிறுத்தியது. நின்றுபோனது என்ற செய்தியோடு, பழைய சந்தையில் அதன் விலை கிடுகிடுவென்று ஏறியது. உடனே இதை முதலீடு என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. 2022 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட பழைய சந்தை, அதன் பிறகு இறங்கவும் செய்தது. உச்சத்தில் வாங்கி நஷ்டப்பட்டவர்கள் பலர். மகளின் கல்யாணச் செலவுக்கு இதை நம்பியிருக்க முடியாது. கட்டிக்கொள்ளப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணத்துக்காக வாங்குகிறவர், பங்குச் சந்தைக்குப் போவதே மேல்.

பழுதுபார்க்க ஆள் உண்டா?

விற்பனையாளர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அது பராமரிப்பு. ரோலக்ஸ் சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஒமேகா 5 முதல் 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஆகும் செலவில் ஒரு நல்ல சாதாரணக் கடிகாரமே வாங்கிவிடலாம். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நீந்துகிறவர் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் புகுகிறதா என்று அழுத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. 300 மீட்டர் என்று டயலில் எழுதியிருந்தாலும், உள்ளே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வளையங்கள்தான். அவை காலப்போக்கில் இறுகிப்போகும். சாவியைச் சரியாகத் திருகி மூடாவிட்டால் வாளித் தண்ணீரே போதும்.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் பழைய மாடலுக்கு ஒரு மதிப்புக் கூடுகிறது. 32 ஆண்டு ஓடிய ஒரு மிஷினின் பலமும் பலவீனமும் பழுதுபார்ப்பவர்களுக்கு அத்துபடி. புத்தம் புதிய மிஷினுக்கு அந்த அனுபவம் இனிமேல்தான் சேர வேண்டும். வெளிவந்த முதல் ஆண்டிலேயே வாங்குகிறவர் ஒரு வகையில் நிறுவனத்தின் சோதனைக்கு உதவி செய்கிறார். எனவே புதுசுக்காகத்தான் காத்திருப்பது என்று முடிவு செய்தால், அது வந்த பிறகும் ஓராண்டு பொறுப்பது புத்திசாலித்தனம். காத்திருப்பின் கணக்கில் அந்த ஓராண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியர்களுக்கு இந்த உண்மையைக் கற்றுக்கொடுத்த கடிகாரம் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வரவில்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனாலும் அப்பாவின் ‘ஜனதா’வைத் தினமும் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் எளிது. தெரு முனையில் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியும். கடிகாரம் பழசாவது புது மாடல் வரும் நாளில் அல்ல. பழுதுபார்க்க ஆளும் உதிரிப் பாகமும் இல்லாமல் போகும் நாளில்தான்.

நாள் காத்திருக்காது

இனி அந்த ஐம்பது வயதுக்காரருக்குத் திரும்பலாம். அவர் ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதிப் பார்க்கலாம். இப்போதைய மாடலைக் கையில் கட்டிப் பார்த்தபோது ஏதாவது உறுத்தியதா? உறுத்தியதென்றால், அடுத்த மாடலில் அது சரியாகும் என்பது அறிவிக்கப்பட்ட செய்தியா, காதில் விழுந்த பேச்சா? இந்தப் பணத்தைச் செலவழித்த பிறகு மகளின் மேற்படிப்புக்கும் வீட்டின் அவசரத்துக்கும் வேறு சேமிப்பு இருக்கிறதா? கடைசியாக, எந்த நாளுக்காக இதை வாங்குகிறாரோ அந்த நாள் தள்ளிப்போகக்கூடியதா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், மற்ற மூன்றையும் பார்க்கத் தேவையில்லை. புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம். 200 மீட்டர் ஆழம் தாங்கும் பேட்டரி கடிகாரங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. அவை மணியை இன்னும் துல்லியமாகவே காட்டும். ஸ்விஸ் நிறுவனங்கள் எங்கேயும் ஓடிப்போய்விடப் போவதில்லை.

முதல் கேள்விக்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘அறிவிக்கப்பட்டது’ என்றால் அவர் காத்திருக்கலாம். 2018-ல் ஒமேகாவுக்குக் காத்திருந்தவர் போல அவருக்கும் பலன் கிடைக்கலாம்.

கட்டிப் பார்த்ததில் எந்த உறுத்தலும் இல்லை, கேட்டதெல்லாம் வெறும் பேச்சு, வீட்டுக்கு வேண்டியது தனியாக இருக்கிறது என்றால், அடுத்த ஏப்ரலுக்காக அவர் தள்ளிப்போடுவது கடிகாரத்தை அல்ல, அந்த நாளைத்தான். 25-ம் ஆண்டு நிறைவு ஜெனீவாக் கண்காட்சியைப் பார்த்து வருவதில்லை. கடிகாரத்தின் பின்பக்கத்தில் அந்தத் தேதியைப் பொறித்துக் கட்டிக்கொண்டால், பத்து வருடம் கழித்து ‘இது எந்த மாடல்?’ என்று யாராவது கேட்கும்போது அவருக்கு நினைவுக்கு வருவது அந்த நாளாகத்தான் இருக்கும். அதற்குள் புது மாடல்கள் இரண்டு மூன்று வந்து போயிருக்கலாம். இவர் கடிகாரம் முதல் சர்வீஸுக்குப் போய்த் திரும்பி வந்து, முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும்.